முந்நூறு: ஆத்தங்குடிக் கல் ஊற்றிய கையும் ரேகை மிஷினும்

2025 மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. கடையைத் திறந்து கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கும் முன்பே அந்த அப்பத்தா வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சள் பை. பைக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை. அதில் ரேஷன் ஸ்மார்ட் கார்டு, ஆதார், பேங்க் புத்தகம், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பழைய கரண்ட் பில்.

"ஏத்தா, உன் மிஷின்லயாச்சும் என் ரேகை விழுகுதான்னு பாரு. மார்ச் முடியிறதுக்குள்ள ரேகை வைக்கலைன்னா கார்டுல பேரு போயிரும்ங்குறாக."

செட்டிநாட்டில், ஆத்தங்குடிக்குப் பக்கத்து ஊரில் பத்து வருஷமாக இ-சேவை மையம் நடத்துகிறேன். ரேகை விழாமல் திரும்பிப் போன கைகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு கையோடு முதல் நாளிலிருந்து கடைசிவரை கூடவே அலைந்தது இவருக்காக மட்டும்தான். என்ன நடந்தது, எங்கே முட்டியது, எது திறந்தது என்று வரிசையாகச் சொன்னால் இன்னொருவருக்கு உதவும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "பேரைப் போடாத, கையைப் பத்தி எழுது" என்றார். ஊர், கடை, வங்கி எதன் பெயரும் இதில் வராது.

வயது 67. வீட்டுக்காரர் தவறிப் பல வருஷம் ஆகிறது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். அப்பத்தாவுக்குத் தனிக் கார்டு. மாதம் 1,200 ரூபாய் விதவை உதவித்தொகை வங்கிக் கணக்கில் ஏறும். முப்பது வருஷத்துக்கு மேலாக, தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் ஊற்றும் பட்டறை வேலை. இப்போதும் உடம்பு ஒத்துழைக்கிற நாளில் போய்விடுவார்.

அன்று வங்கி இருப்புப் பார்க்கும் பக்கத்தைத் திறந்து, ரேகைப் பெட்டியைத் துடைத்து அவர் முன்னால் வைத்தேன். வலது கட்டைவிரல். சிவப்பு வெளிச்சம் எரிந்தது, சக்கரம் சுற்றியது, 300 என்ற எண் வந்தது. ஆள்காட்டி விரல், 300. ஈரத்துணியால் துடைத்து, மறுபடி 300. எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்கிற வேலை ஒன்று உண்டு. விரலைத் தலைமுடியில் இரண்டு தேய்ப்புத் தேய்த்து, அந்த எண்ணெய்ப் பிசுக்கோடு கண்ணாடியில் வைப்பது. வறண்ட விரலுக்குச் சில நேரம் அது கைகொடுக்கும். அதையும் செய்தோம். பத்து விரலும் முடிந்தபோது இடது சுண்டு விரலுக்கு மட்டும் படம் ஓரளவு தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அதுவும் பொருந்தவில்லை.

"என்னத்தா சொல்லுது?"

"முந்நூறுங்குது அப்பத்தா."

"ரேஷன் கடையிலயும் அதேதான் சொல்லுச்சு. முந்நூறுன்னா என்னத்தா? நான் இல்லைங்குதா?"

300 என்றால் கொடுத்த ரேகை, பதிவில் இருக்கிற ரேகையோடு பொருந்தவில்லை என்று பொருள். அவ்வளவுதான். ஆள் போலி என்றும் சொல்லாது, விரல் தேய்ந்திருக்கிறது என்றும் சொல்லாது. திரையில் அதற்குரிய விளக்கம் இங்கிலீஷில் வரும். வரிசையில் நிற்பவருக்குப் புரிவது எண் மட்டும்தான். அதன்பிறகு பார்க்கும்போதெல்லாம் "இன்னைக்கும் முந்நூறாத்தா?" என்று கேட்பது அப்பத்தாவுக்கு வழக்கமாகிவிட்டது.

கை தேய்ந்த கதை

மறுநாள் அவர் வேலை செய்யும் பட்டறைக்குப் போனேன். சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். ஆனால் கையை மட்டும் பார்க்கவேண்டும் என்று போனது அன்றுதான்.

ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. வழவழப்பு முழுவதும் கண்ணாடியிலிருந்து வருகிறது. சதுரமாக வெட்டிய கண்ணாடித் துண்டைத் துடைத்து வைத்து, அதன்மேல் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூவும் கொடியுமாக வளைத்த தகட்டு அச்சு. சிமெண்டும் மணலும் கலர் பொடியும் கரைத்த குழம்பை ஒவ்வொரு அறைக்கும் ஒவ்வொரு நிறமாகச் சின்னக் கரண்டியால் ஊற்றுவார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை. அச்சைத் தூக்கும்போது கை ஆடினால் நிறம் ஒன்றோடொன்று ஓடிவிடும். ஆடாமல் தூக்கிய பிறகு உலர்ந்த சிமெண்ட் கலவையைத் தூவி, அது ஈரம் இழுத்ததும் மேலே சாந்து போட்டு அழுத்தி மட்டம் தட்டுவார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறும். எடுத்துக் காயவைத்தால் கண்ணாடி தானாக விட்டுவிடும். எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளின் முகப்பிலும் வளவிலும் நூறு வருஷமாகப் பளபளப்பது இப்படி ஊற்றிய கல்தான்.

அப்பத்தா கரண்டியை வலது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் பிடிக்கிறார். விளிம்பில் வழிந்த கலவையை அந்த ஆள்காட்டி விரலாலேயே ஒரு இழுப்பில் வழித்துவிடுகிறார். நாளெல்லாம் அந்த இழுப்புத்தான். மணல், சிமெண்ட், சட்டத்தின் இரும்பு விளிம்பு, மூன்றும் அதே விரல் நுனியில் படுகின்றன. இடது கை கண்ணாடியைத் தாங்கிப் பிடிக்கிறது. அதில் சுண்டு விரல் மட்டும் கலவை படாமல் விலகியே நிற்கிறது. முந்தின நாள் திரையில் தெளிவாகத் தெரிந்தது அந்த விரல்தான்.

ஈரச் சிமெண்ட் கடும் காரம். நம் தோல் லேசான அமிலத் தன்மை உடையது, கார அமில அளவில் ஏறத்தாழ 5. ஈரச் சிமெண்ட் 12-ஐத் தாண்டும். துணி சோப்பைவிடக் கடுமை. அது தோலின் எண்ணெயை எடுத்துவிடும், மேல்தோலை மெதுவாக அரிக்கும். அதன்மேல் மணல் உப்புத்தாளாகத் தேய்க்கும். கொத்தனார், சித்தாள், செங்கல் சூளை ஆள், பாத்திரம் விளக்குபவர் எல்லோருக்கும் இதே கதைதான். கையுறை போடலாமே என்று கேட்டேன். "உறை போட்டா அச்சு எங்க இருக்குன்னு கைக்குத் தெரியாதுத்தா" என்றார்.

அவர் கட்டைவிரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ரேகை இருக்கவேண்டிய இடம் மெழுகு பூசியதுபோல் இருந்தது. நடுவில் இரண்டு வெடிப்பு. வெடிப்பின் உள்ளே சிவப்புக் கலர் ஏறிக் கறையாகவே நின்றுவிட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

ரேகைப் பெட்டி என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். விரலில் மேடும் பள்ளமுமாக வரிகள் இருக்கின்றன. கண்ணாடியில் அழுத்தும்போது மேடு ஒட்டும், பள்ளம் ஒட்டாது. கீழிருந்து வரும் வெளிச்சம் அந்த இரண்டையும் வேறுவேறாகத் திருப்பி அனுப்ப, வரிகளின் படம் கிடைக்கிறது. எந்த இடத்தில் ஒரு வரி முடிகிறது, எந்த இடத்தில் இரண்டாகப் பிரிகிறது என்ற புள்ளிகள்தான் அடையாளம். பல நூறு மைல் தொலைவில் இருக்கும் ஆதார் களஞ்சியத்தில் அந்த எண்ணுக்கு உரியவரின் புள்ளிகளோடு இவை ஒப்பிடப்படுகின்றன. போதுமான அளவு ஒத்துப்போனால் ஆம், இல்லாவிட்டால் இல்லை. அரைகுறைப் பதில் கிடையாது.

"போதுமான அளவு" எவ்வளவு என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள். அதை இறக்கினால் வேறு ஆள் நுழைந்துவிடுவான். ஏற்றினால் உரிய ஆளே வெளியே நிற்பார். இந்த இரண்டு தவறில் எதைக் குறைப்பது என்பது முதலில் ஒரு கொள்கை முடிவு. திருட்டைத் தடுக்கவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. போலிக் கார்டில் அரிசி போன காலத்தையும் பார்த்தவள் நான். ஆனால் தவறு நடக்கும் என்று தெரிந்தே அமைத்த ஏற்பாட்டில் அந்தத் தவறின் அலைச்சலை யார் சுமப்பது என்பதையும் சேர்த்தே முடிவு செய்திருக்கவேண்டும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த குறையும் இல்லை. மத்திய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையே சில மாநிலங்களின் மதிப்பீடுகளைச் சொல்லியிருந்தது. ஆதார் சரிபார்ப்புத் தோல்வி ஜார்க்கண்டில் 49 சதவீதம், ராஜஸ்தானில் 37, குஜராத்தில் 6, ஆந்திரத்தின் கிருஷ்ணா மாவட்டத்தில் 5. இந்த நான்கு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். ஜார்க்கண்டு விரலுக்கும் கிருஷ்ணா மாவட்டத்து விரலுக்கும் அவ்வளவு வித்தியாசம் இருக்க வழியில்லை. சிக்னல், கருவி, கடைக்காரருக்குக் கொடுத்த பயிற்சி, ரேகை விழாதபோது என்ன செய்வது என்ற ஏற்பாடு, இவையெல்லாம் சேர்ந்துதான் அந்த இடைவெளி வந்திருக்கவேண்டும் என்பது என் முடிவு.

மாசியும் பங்குனியும்

தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2017-இல் ஸ்மார்ட் கார்டு வந்தது. 2020 அக்டோபரிலிருந்து விரல் ரேகை. அதுவரை யார் கார்டைக் கொண்டுபோனாலும் பொருள் கிடைத்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளையை அனுப்பி அப்பத்தா அரிசி வாங்கியிருக்கிறார். ரேகை வந்தபின் கார்டில் பெயர் உள்ளவர் நேரில் போகவேண்டும். அவர் கார்டில் அவர் ஒருவர்தான்.

2025 தொடக்கத்தில் இன்னொன்றும் சேர்ந்தது. மத்திய அரசின் உணவுப் பாதுகாப்புத் திட்டத்தில் வரும் கார்டுகளில் பெயருள்ள ஒவ்வொருவரும் ரேகை வைத்துத் தங்களை உறுதி செய்யவேண்டும் என்று மார்ச் 31 வரை கெடு வைத்தார்கள். பின்னால் அது நீட்டிக்கப்பட்டது. ஆனால் மாசி மாதத்தில் கிராமத்துக்கு வந்து சேர்ந்த செய்தி ஒன்றே ஒன்று, "பேரு போயிரும்". இலவச அரிசியும், 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பும், 25 ரூபாய்க்குப் பாமாயிலும் தனியாக வாழும் ஒருவருக்கு எவ்வளவு பெரியது என்பதை வெளியிலிருந்து அளக்க முடியாது. அந்த வாரங்களில் அப்பத்தா சரியாகத் தூங்கவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரம்மா சொன்னார்.

என்னிடம் வருவதற்கு முன்பே அவர் ரேஷன் கடைக்கு நான்கு முறை நடந்திருந்தார். விற்பனையாளரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நல்ல பையன். முதல் முறை சர்வர் இல்லை. இரண்டாம் முறை 300. மூன்றாம் முறை "கையை நல்லா கழுவிட்டு வாங்க அப்பத்தா". நான்காம் முறை "ஆதார்ல ரேகையைப் புதுப்பிச்சுட்டு வந்துருங்க". ஒவ்வொரு முறையும் அரை நாள் கூலி போனது. மாத முதல் வாரத்து வரிசை அந்தப் பையன் முதுகில் நிற்கிறது. ரேகை இல்லாமல் பதிவேட்டில் எழுதிக் கொடுத்தால் மேலே இருந்து ஏன் என்று கேட்பார்கள். அவருக்கும் பயம்.

அவர் சொன்னபடி அப்பத்தாவைக் காரைக்குடிக்கு அழைத்துப் போனேன். ஆதார் மையத்தில் டோக்கன், மூன்று மணி நேரக் காத்திருப்பு, 100 ரூபாய் கட்டணம். பத்து விரலும் பதிந்தார்கள். தெளிவு போதாது என்று மிஷின் திரும்பத் திரும்பச் சொன்னது. சில முயற்சிகளுக்குப் பிறகு, கிடைத்ததில் நல்லதை ஏற்றுக்கொள்ள மென்பொருள் இடம் கொடுக்கும். அப்படித்தான் பதிவானது. இரண்டு வாரத்தில் புதுப்பித்துவிட்டதாகச் செய்தி வந்தது. ரேஷன் கடைக்குப் போனோம். 300.

இதில் என் பிழையும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது. தேய்ந்து கிடந்த நேரத்தில் போய்த் தேய்ந்த ரேகையையே புதிதாகப் பதிய வைத்துவிட்டோம். முன்பு பள்ளிக்கூடத்து முகாமில் எடுத்த பதிவாவது ஓரளவு நன்றாக இருந்திருக்கும். ரேகையின் வேர் மேல்தோலில் இல்லை. அதற்குக் கீழே, தாயின் வயிற்றிலேயே அமைந்துவிட்ட அடுக்கில் இருக்கிறது. ஆழமான காயம் படாதவரை மேல்தோல் வளர்ந்ததும் பழைய வரி திரும்ப வரும். அதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும், வயதானவர்களுக்கு இன்னும் கூட. ஐப்பசி, கார்த்திகை மழையில் கல் காயாது. பட்டறை வேலை மந்தமாகும். கைக்கு அதுதான் ஓய்வு. இரவில் தேங்காய் எண்ணெய் தடவி, அந்த மழை முடியும் தறுவாயில் ஆதார் மையத்துக்குப் போயிருந்தால் பதிவு நன்றாக வந்திருக்கும். இந்தச் சின்ன விவரம் எந்த அறிவிப்புப் பலகையிலும் இல்லை. இப்போது என் கடையில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அந்த 100 ரூபாய் முழுக்க வீணும் போகவில்லை. ஆதாரில் இருந்த செல் நம்பர் மகன் எப்போதோ தொலைத்த சிம்முடையது. ஓடிபி வந்தாலும் வாங்க ஆள் இல்லை. ரேகையோடு சேர்த்து அப்பத்தாவின் பட்டன் போன் நம்பரையும் அதே கட்டணத்தில் மாற்றிக்கொண்டோம். அந்த மாதப் பொருள் அந்த ஓடிபியில்தான் கிடைத்தது. ஆறு எண்ணை அவரால் திரையில் படிக்க முடியவில்லை. விற்பனையாளரே போனை வாங்கிப் படித்துப் போட்டார். அரிசி வந்தது. ஆனால் பெயரை உறுதி செய்யும் வேலைக்கு ஓடிபி செல்லாது. உடம்பு அடையாளம்தான் வேண்டும்.

விதி என்ன சொல்கிறது

2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாரோடு இணைக்காததால் ரேஷன் நின்றுபோய்ப் பசியால் இறந்தாள் என்று குடும்பம் சொன்னது. அரசுத் தரப்பு மறுத்தது. அடுத்த மாதமே மத்திய உணவுத் துறை எல்லா மாநிலங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. ஆதார் இல்லை, ரேகை பொருந்தவில்லை, இணையம் இல்லை என்ற காரணங்களுக்காக உரியவருக்குப் பொருள் மறுக்கக்கூடாது, தனிப் பதிவேட்டில் எழுதிக் கொடுக்கவேண்டும் என்று அதில் இருந்தது. 2018 செப்டம்பர் 26 அன்று வந்த ஆதார் வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஆதாரைச் செல்லும் என்றது. கூடவே, சரிபார்ப்புத் தோல்வியைக் காரணம் காட்டி உரியவர்களை விலக்கிவிடக்கூடாது என்பதையும் பதிவு செய்தது. தமிழ்நாட்டிலும் கருவிழி, ஓடிபி, பதிவேட்டில் கையொப்பம், நடக்க முடியாதவர் சார்பில் இன்னொருவர் வாங்கப் படிவம் என்று மாற்று வழிகள் இருக்கின்றன.

வழி இருக்கிறது, ஆனால் வழி கேட்கத் தெரிந்தவருக்கு மட்டும் இருக்கிறது. அப்பத்தா நான்கு முறை போனார், நான்கு முறையும் விரலை மட்டும் நீட்டினார். வேறு வழி உண்டா என்று கேட்கலாம் என்பதே அவருக்குத் தெரியாது. மிஷின் "முந்நூறு" என்றதும் தப்பு தன் மேல் என்று நினைத்துக்கொண்டார். வீட்டில் எலுமிச்சம்பழத் தோலைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரலைப் புண்ணாக்கி வைத்திருந்தார். இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் வந்தது அந்தப் புண்ணைப் பார்த்தபோதுதான்.

கருவிழி

பங்குனியில் ஒரு நாள் நானே கூடப் போனேன். "தம்பி, கண்ணு பாக்குற மிஷின் வந்திருக்குமே, எடுங்க" என்றேன். வந்திருந்தது. அலமாரிக்குள் அட்டைப் பெட்டியோடு இருந்தது. இணைக்கும் ஒயரைத் தேட அரை மணி நேரம். முதல் முயற்சி தோற்றது. கடை வாசலில் நின்றிருந்தோம், பங்குனி வெயில் முகத்தில் அடித்தது. கருவிழிக் கேமரா நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் படம் எடுக்கிறது. நேர் வெயிலில் அந்த ஒளி ஏராளம். கண்ணும் கூசி இடுங்கிவிடும். உள்ளே, அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நிழலில் அப்பத்தாவை உட்கார வைத்தோம். வயதாகி மேல் இமை தொங்கியிருந்தது. "நான் தூக்கிப் பிடிக்கிறேன், நீங்க நேராப் பாருங்க" என்று இமையை விரலால் மெதுவாகத் தூக்கினேன். விற்பனையாளர் கருவியைக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்தார்.

"மூச்சு விடலாமாத்தா?"

"தாராளமா விடுங்க அப்பத்தா, கண்ணை மட்டும் அசைக்காதீங்க."

பீப் என்றது. பச்சை டிக். பெயர் உறுதியானது.

அப்பத்தா எழுந்திருக்கவில்லை. அரிசி மூட்டையில் சாய்ந்தபடியே சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். விற்பனையாளர் தம்பி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்தக் கருவி இரண்டு மாதமாக அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த அலமாரியில் இருந்திருக்கிறது. ரேகை இரண்டு முறை தோற்றால் கருவிழிக்கு மாறு என்று மிஷினே திரையில் தமிழில் ஒரு வரி காட்டியிருந்தால் அந்தத் தம்பியும் முதல் நாளே எடுத்திருப்பார். 300 என்று காட்ட இடம் இருக்கும் திரையில் அதற்கும் இடம் இருக்கிறது.

வங்கிப் பணம்

இந்தப் பகுதி இன்னும் தீரவில்லை. உதவித்தொகையை ஊருக்கே வரும் வங்கி முகவரிடம் ரேகை வைத்து எடுக்கலாம். அப்பத்தாவால் முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறிக் கிளைக்குப் போய், படிவத்தில் கைநாட்டு வைத்து எடுத்து வருகிறார். அங்கே மையில் தோய்த்து ஒற்றினாலும் காகிதத்தில் விழுவது ஒரு கறுப்பு வட்டம்தான், வரி இல்லை. ஆனால் பாஸ்புத்தகத்தில் போட்டோ இருக்கிறது, சாட்சிக்கு ஒருவர் கையெழுத்துப் போடுகிறார், காசாளருக்கு முகம் தெரியும். ஆள் ஆளைப் பார்த்து அடையாளம் சொல்லும் இடத்தில் அந்த வட்டம் போதுமானதாக இருக்கிறது. ஏடிஎம் கார்டு வாங்கித் தருகிறேன் என்றேன். ரகசிய எண்ணை மறந்துவிடுவேன் என்று மறுத்துவிட்டார். நான் வற்புறுத்தவில்லை. எண்ணை யாரிடமாவது சொல்லிப் பணத்தை இழந்தவர்களை என் கடையிலேயே பார்த்திருக்கிறேன்.

இந்த மண்ணுக்கு ஆளை எண்ணி எழுதி வைப்பது புதிதல்ல. நகரத்தார் கோயில்களில் திருமணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. எந்தக் கோயிலில் எத்தனை புள்ளி என்று கணக்கு உண்டு. கல்யாணத்துக்கு இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திடுவார்கள். கடல் கடந்து பர்மாவரை வட்டித்தொழில் நடந்தது ஏட்டையும் சொல்லையும் நம்பி. அந்த ஏடுகளில் கல் ஊற்றும் பெண்ணுக்கு இடமில்லை. நாட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆளுக்கு ஓர் எண் கொடுக்க வந்த ஏடு என்று ஆதாரைச் சொல்லலாம், அந்த வகையில் எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. அப்பத்தாவுக்கும் உண்டு. கார்டை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பின்னால்தான் வைத்திருக்கிறார். அந்த மரியாதைக்கு ஈடாக அந்த ஏடு அவர் கையைத் தெரிந்து வைத்திருக்கவேண்டும் என்பதுதான் என் கேள்வி. விரலே இல்லாதவருக்கு விலக்குப் பதிவு செய்ய ஆதாரில் முறை இருக்கிறது. எந்த விரல் நன்றாகப் படியும் என்று பத்தையும் சோதித்துச் சொல்லும் முறையும் வகுத்திருக்கிறார்கள். விரல் இருந்து வரி இல்லாதவரை இந்த இரண்டுக்கும் நடுவில் நிறுத்திவிட்டோம்.

பட்டறைக்கு இப்போது சுற்றுலா ஆட்கள் நிறைய வருகிறார்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. கானாடுகாத்தான் பார்க்க வருகிறவர்கள் அப்படியே ஆத்தங்குடிக்கும் வந்து கல் ஊற்றுவதைச் செல்லில் பிடித்துப் போகிறார்கள். நான் போன அன்றும் இரண்டு பிள்ளைகள் அப்பத்தா கையை மிக அருகில் படம் எடுத்தார்கள். கரண்டியிலிருந்து பச்சை விழுவதும், விரல் விளிம்பை வழிப்பதும், அச்சு ஆடாமல் எழுவதும். அந்தப் பிள்ளைகள் படம் எடுத்து முடித்ததும் ஒருத்தி அந்த விரலைத் தொட்டுப் பார்த்து, "பாட்டி, இது எப்படி இவ்வளவு வழுவழுப்பா இருக்கு?" என்று கேட்டாள். அப்பத்தா சிரித்துக்கொண்டே கல்லைக் காட்டினார்.

2025 ஆகஸ்ட் 12 அன்று முதியோர் வீட்டுக்கே ரேஷன் பொருள் கொண்டுபோகும் தாயுமானவர் திட்டம் தொடங்கியது. நல்ல திட்டம். தொடங்கும்போது 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் என்று வைத்தார்கள். அப்பத்தாவுக்கு 67. வண்டியில் அரிசியும் தராசும் வருவதுபோல் விற்பனை மிஷினும் வருகிறது. ஆகவே கருவிழிக் கருவியும் அதே வண்டியில் ஏறவேண்டும், ஒயரோடு.

நான் செய்ய முடிந்தது ஒன்றுதான். பங்குனி முடிவில் ஒரு கெட்டி அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி, அப்பத்தாவின் ஸ்மார்ட் கார்டு உறைக்குள்ளேயே வைத்துக் கொடுத்தேன். "கல் பட்டறை வேலை. கைரேகை விழாது. கருவிழி பார்க்கவும். நிழலில் உட்கார வைக்கவும். மேல் இமையைத் தூக்கிப் பிடிக்கவும். ஓடிபி நம்பர் புதுப்பித்தாகிவிட்டது. ரேகைதான் வேண்டுமென்றால் இடது சுண்டு விரலை வைத்துப் பார்க்கவும்." அவர் வாயைத் திறந்து கேட்கவேண்டியதில்லை, உறையை நீட்டினால் போதும். சித்திரையில் போனவர், பத்து நிமிஷத்தில் பொருள் வாங்கிவிட்டதாக வந்து சொன்னார்.

அடுத்த வாரமே அதே பட்டறையிலிருந்து இரண்டு பேர் அட்டை கேட்டு வந்தார்கள். பிறகு ஒரு கொத்தனார், பிறகு ஓட்டலில் பாத்திரம் விளக்கும் அக்கா. ஒவ்வொருவருக்கும் பத்து விரலையும் வைத்துப் பார்த்து, எது விழுகிறது என்று குறித்த பிறகுதான் எழுதுகிறேன். நேற்று வந்த அம்மாவுக்கு எழுதியது: வலது மோதிர விரல். காலையில் விழும், வேலை முடிந்து வந்தால் விழாது.